படைப்பதிவும் அரசுச் சலுகைகளும்: தருமபுரி மாவட்டம்

படைக்குப் பெயர் பதிந்தவருக்கோ படையில் பணியாற்றியவருக்கோ நிலம், உதவித்தொகை, வேலை முதலியவற்றை அரசு வழங்கும் முறை. பணி செய்தபின் கொடை அளிப்பது ஒரு வகை. பெயர் பதியாதவருக்குச் சலுகையை மறுப்பது மற்றொரு வகை. தருமபுரியில் வழங்கிவந்தது முதல் வகையே.

தொன்மை: பழைய தகடூர் நாடான இப்பகுதி நடுகற்கள் மிகுந்தது. தொறுப்பூசலில், அதாவது ஆநிரைக்கான சண்டையில், மாண்ட வீரர்களுக்கு எடுத்த கற்கள் இவற்றில் பல. மாண்டவர் குடும்பத்துக்கு அளித்த நிலத்தைத் தமிழகக் கல்வெட்டுகள் உதிரப்பட்டி, நெய்த்தோர்ப்பட்டி என்கின்றன. விஜயநகர ஆட்சியில் படை திரட்டித் தரும் கடமைக்கு ஈடாக அமரநாயகர்கள் நிலவருவாயை அனுபவித்தனர். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இப்பகுதி அடங்கிய பாராமகால் ஆங்கிலக் கம்பெனியிடம் வந்தது. அதன் படையில் சம்பளமும் ஓய்வூதியமும் கைம்மாறாயின.

விடுதலைக்குப் பின்: இந்தியாவில் கட்டாயப் படைச்சேர்ப்பு இல்லை. ஆயினும் பொதுநோக்கங்களுக்காகக் கட்டாயப் பணி விதிக்க அரசியலமைப்பின் 23(2)ஆம் பிரிவு இடம் தருகிறது. சீனப் போரையடுத்து 1963இல் கல்லூரி மாணவருக்குக் கட்டாயமாக்கப்பட்ட தேசிய மாணவர் படைப் பயிற்சி, 1968இல் விருப்பத்துக்கு விடப்பட்டது. பொறியாளர், மருத்துவர்களைத் தேசியப் பணிக்கு அழைக்க 1972இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

அமெரிக்க முறை: மறுப்பு வகைக்குத் தெளிவான சான்று அமெரிக்கா. அங்கு 1980இல் இளைஞர்களின் படைப்பதிவு மீண்டும் தொடங்கியது. பதியாதவருக்குக் கூட்டரசின் கல்வி உதவி இல்லை என்று 1982இல் சாலமன் திருத்தம் விதித்தது. வசதியுள்ள மாணவரைத் தொடாமல் ஏழை மாணவரையே இது தாக்கும் என்ற எதிர்ப்பு எழுந்தது; எனினும் 1984இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. 1985இல் கூட்டரசு வேலைகளுக்கும் பதிவு நிபந்தனையாயிற்று. கல்வி உதவிக்கான நிபந்தனையை நீக்க 2020 டிசம்பரில் சட்டம் இயற்றப்பட்டது.

இன்றைய நிலை: முன்னாள் படைவீரர், அவர்தம் குடும்பத்தினருக்கான உதவிகள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியே கிடைக்கின்றன. மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணிகளில் முன்னாள் படைவீரருக்கு 10 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. 2022இல் வந்த அக்னிபத் படைச்சேர்ப்புத் திட்டத்தில் பணிக்காலம் 4 ஆண்டுகள். அதன்பின் 25 விழுக்காட்டினர் வரையே நிரந்தரப் பணி பெறுவர். ஏனையோருக்குப் பணி முடிவில் மொத்தமாகத் தரும் சேவை நிதி உண்டு, ஓய்வூதியம் இல்லை. குடும்ப அட்டை, கல்வி உதவித்தொகை, முதியோர் ஓய்வூதியம் ஆகிய எதற்கும் இம்மாவட்டத்தில் படைப்பதிவு தகுதியாகக் கேட்கப்படுவதில்லை.