ஒருசந்தி

சேலம், நாமக்கல் ஊர்களில் புரட்டாசிச் சனிக்கிழமை ஒருவர் "இன்னைக்கு ஒருசந்தி" என்றால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. காலையில் தண்ணீரோடு சரி. பெருமாளுக்குப் படைத்த பிறகு ஒரே வேளைச் சாப்பாடு. அதே சொல் தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய ஞானோபதேசத்திலும் உண்டு. திருச்சபைக் கட்டளைகளை மனப்பாடம் செய்த தலைமுறைக்கு "ஒருசந்தி, சுத்தபோசனம்" என்ற இரண்டும் சேர்ந்தே வாயில் வரும். விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நாள்கள். இன்று பங்குகளில் அந்தச் சொல்லைப் பெரும்பாலும் மூத்தவர்களிடம்தான் கேட்க முடிகிறது. அது மறையக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சந்தி என்பது வடமொழியில் சேர்க்கை. பகலும் இரவும் கூடும் பொழுதுக்கு அது பெயராகி, பிறகு நாளின் ஒரு வேளையையே குறித்தது. கோயில்களில் காலைப் பூசைக்குக் காலசந்தி என்று பெயர். சோழர் கல்வெட்டுகளில் சந்தி விளக்குக்கு நிவந்தம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு சந்தி மட்டும் உண்பது ஒருசந்தி. சேலத்துத் தெலுங்கு வீடுகளில் இதையே 'ஒக்கப்பொத்து' என்பார்கள். ஒருபொழுது என்று பொருள். விரதம், நோன்பு, உபவாசம் என எத்தனையோ பெயர்கள் நம்மிடம் உண்டு. அவற்றில் எதுவும் எத்தனை வேளை என்று சொல்வதில்லை. ஒருசந்தி கணக்கையே பெயராகக் கொண்டது.

கத்தோலிக்க மரபின் கணக்கும் அதுவே. தொடக்க நூற்றாண்டுகளில் தவக்காலத்தில் சூரியன் சாய்ந்த பிறகுதான் ஒரு வேளை உண்டார்கள். இடைக்காலத்தில் அது பிற்பகல் மூன்று மணிக்கு நகர்ந்தது. அப்புறம் நண்பகலுக்கு வந்தது. மதியம் உண்டவனுக்கு இராத்திரி பசிக்குமே என்று சிறிது பலகாரத்துக்கு இடம் கொடுத்தார்கள். 1966 பிப்ரவரியில் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட ஒழுங்கும் ஒரு முழுச் சாப்பாடு, காலையும் மாலையும் சிறிது உணவு என்றே சொல்கிறது. ஐரோப்பாவில் நடந்த இந்தப் பழக்கத்துக்குத் தமிழில் பெயர் வைக்க வந்தவர்களுக்குப் புதுச்சொல் தேவைப்படவில்லை. ஊரில் ஏற்கெனவே புழங்கிய சொல்லே அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

சேலம், நாமக்கல் சமவெளிக்கு நாள்தோறும் ஒருசந்தியாக வாழ்ந்த ஒருவரே வந்திருக்கிறார். 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியக் குரு இராபர்ட் தெ நொபிலி, காவி உடுத்து, புலால் விட்டு, நாளுக்கு ஒரு வேளை உண்டு துறவியாக வாழ்ந்தவர். 1623இல் மதுரையை விட்டு வடக்கே புறப்பட்டு, கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்கும் பிறகு சேலத்துக்கும் வந்து சேர்ந்தார். மறையைச் சொல்ல அவர் எடுத்தாண்டவை குரு, பூசை, வேதம் போன்ற இந்நாட்டுச் சொற்கள். ஆண்டில் குறித்த நாள்களில் கத்தோலிக்கருக்குக் கடமையாக இருந்த ஒருசந்தி, அவருக்கு அன்றாட வாழ்க்கை. இங்குள்ள மக்கள் அவர் பேச்சைக் கேட்கும் முன்பே அவர் சாப்பாட்டைப் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

சுத்தபோசனம் என்பது இறைச்சி நீக்கிய உணவு. சட்டம் விலக்குவது இறைச்சியை மட்டுமே. முட்டைக்கும் பாலுக்கும் தடை இல்லை, மீனுக்கும் இல்லை. ஆனால் முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லிலும் பேச்சுவழக்கில் முட்டை கவுச்சிதான். அதனால் சட்டம் விட்டதையும் விடுகிற வீடுகள் உண்டு. இடைக்கால ஐரோப்பாவும் தவக்காலத்தில் முட்டையை விலக்கியே வைத்திருந்தது. ஈஸ்டர் முட்டை வழக்கத்துக்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

காலத்தின் பெயரும் மாறியிருக்கிறது. தபசுகாலம் என்று முன்னோர் சொன்னதை நாம் தவக்காலம் என்கிறோம். சீர்திருத்த சபையார் ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு லெந்து நாட்கள் என்கிறார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வழிபாடு தமிழுக்கு வந்தபோது பூசை திருப்பலியாயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று, விபூதிப் புதன் திருநீற்றுப் புதனாயிற்று. இவை நல்ல தமிழ். எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்த அலையில் ஒருசந்தி வெறும் 'நோன்பு' ஆகிவிட்டது. நோன்பு என்பது பொதுச்சொல். வாட்ஸ்அப் பார்க்காதிருப்பதும் நோன்பு, காப்பி விடுவதும் நோன்பு. அவை நல்லவையே. ஆனால் ஒருசந்தி என்று சொல்லிவிட்டால், இரண்டாம் வேளைச் சோறு என்ன ஆனது என்று உடனே ஒரு கேள்வி எழும்.

அந்தக் கேள்விக்குத் திருச்சபையின் பதில் பழையது. 5ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை பெரிய லியோ நோன்பு பற்றிய தம் மறையுரைகளில், நாம் உண்ணாமல் விட்டது ஏழையின் உணவாக வேண்டும் என்று வற்புறுத்தினார். வள்ளுவரும், பசியைப் பொறுப்பவன் ஆற்றலைவிடப் பிறர் பசியைத் தீர்ப்பவன் ஆற்றலே பெரிது என்று வைத்தார். ஆக, இறைச்சிக்குப் பதில் காளான் பிரியாணி ஆக்கி உண்டுவிட்டுச் சுத்தபோசனம் முடிந்தது என்று எண்ணுவது சட்டத்துக்கு ஒத்துப்போகும், சொல்லுக்கு ஒவ்வாது. சுத்தபோசன நாளான வெள்ளிக்கிழமை களியும் கீரையும், அல்லது வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் போதும். மிச்சமாகும் கறிக்காசைத் தனியே எடுத்து வையுங்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போடும் பிடியரிசி வழக்கம் நம் பாட்டிமாருக்குத் தெரியும். தவக்காலத்தின் நாற்பது நாளுக்கு அதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை.

எல்லாரும் வயிற்றைக் காயப்போட வேண்டியதில்லை. ஒருசந்திக் கடமை 18 வயது நிறைந்தவர்களுக்கு, 59 வயது நிறையும்வரை. சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு. நோயாளிகளுக்கும் கடும் உடலுழைப்பாளர்களுக்கும் விலக்கு உண்டு. பங்குனி வெயிலில் நிற்கும் கொத்தனாரும், குமாரபாளையத்துத் தறியில் இரவு ஷிப்ட் பார்ப்பவரும், லாரியில் ஊர்ஊராகப் போகிறவரும் பசியோடு வேலை செய்ய வேண்டாம். அவர்களுக்காக மற்றவர்கள் ஒருசந்தி இருக்கலாம். சிலுவைப்பாதை முடிந்து திரும்பும் வழியில் அவர்கள் வீட்டில் ஒரு நிமிடம் நின்று விசாரித்துவிட்டும் வரலாம்.

1930இல் அமைந்த சேலம் மறைமாவட்டம் இன்று சேலம், நாமக்கல் இரு மாவட்டங்களிலும் பரவியிருக்கிறது. அதன் மறைக்கல்வி வகுப்புகளில் பிள்ளைகளுக்கு 'நோன்பு' என்பதோடு 'ஒருசந்தி' என்ற சொல்லையும் சொல்லிக்கொடுங்கள். வரும் திருநீற்றுப் புதனன்று ஒரு பானையை எடுத்து வையுங்கள். சேரும் அரிசியைப் பெரிய வியாழனுக்கு முன், உங்கள் தெருவிலேயே அது தேவைப்படும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.