உழவருக்கு எழுதிய அறிஞர் கார்வர்

ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்றதும் பலருக்கு நினைவில் எழுவது நிலக்கடலையே. நிலக்கடலையிலிருந்து முந்நூறு பொருள்களைக் கண்டுபிடித்தவர் என்று பள்ளி நூல்கள் அவரைப் போற்றி வந்திருக்கின்றன. நிலக்கடலை வெண்ணெயைக் கண்டவரும் அவரே என்று கூறுவாரும் உளர். பின்னது முற்றிலும் பிழை. முன்னது மிகையாக வளர்ந்துவிட்ட செய்தி. அவர் பெற்ற காப்புரிமைகள் மூன்றே. ஒப்பனைப் பொருளுக்கும் வண்ணப் பூச்சுகளுக்கும் 1925, 1927 ஆகிய ஆண்டுகளில் பெற்ற அவற்றால் பெரிய வாணிகம் எதுவும் நடைபெறவில்லை. அங்ஙனமாயின் கார்வரின் பெருமை எதில் இருக்கிறது? அதனை ஆய்வுக்கூடத்தில் தேடுவதைவிட, 1898 முதல் தம் இறுதிக்காலம் வரை அவர் எழுதி வெளியிட்ட 44 சிறு நூல்களில் தேடுவதே பொருந்தும்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், டைமண்ட் குரோவ் என்னும் சிற்றூரை அடுத்த பண்ணையொன்றில் அவர் பிறந்தார். ஆண்டு 1864 என்பர். உறுதியாகச் சொல்ல இயலாது. அடிமைக் குழந்தையின் பிறந்த நாளைக் குறித்து வைப்பார் யார்? அவருடைய தாய் மேரி, மோசஸ் கார்வர் என்னும் வெள்ளையரின் உடைமையாக இருந்தவர். உள்நாட்டுப் போரின் குழப்பத்தில் கொள்ளையர் கூட்டமொன்று தாயையும் கைக்குழந்தையையும் கவர்ந்து சென்றது. மோசஸ் கார்வர் ஆளனுப்பி, ஒரு குதிரையை விலையாகக் கொடுத்துக் குழந்தையை மீட்டார். தாய் மீளவே இல்லை. அடிமைமுறை ஒழிந்தபின் மோசஸும் அவர் மனைவி சூசனும் அந்தக் குழந்தையைத் தம் வீட்டிலேயே வைத்து வளர்த்தனர். நோயாளியாக இருந்தமையால் சிறுவன் வயல் வேலைக்கு அனுப்பப்படவில்லை. சமையலும் துணி வெளுத்தலும் தையலும் கற்றுக்கொண்டான். எஞ்சிய நேரத்தில் காட்டுச் செடிகளோடு பழகினான்.

கல்விக்காக அவர் அலைந்த அலைச்சல் நெடியது. கறுப்பினச் சிறுவர்க்கான பள்ளியைத் தேடி நியோஷோ என்னும் ஊருக்குச் சென்றார். பின் கான்சஸ் மாநிலத்தில் ஊர் ஊராகச் சுற்றினார். 1879இல் போர்ட் ஸ்காட் என்னுமிடத்தில் கறுப்பினத்தவர் ஒருவரை வெள்ளையர் கும்பல் கொன்றதைக் கண்ணாரக் கண்டு, அந்த ஊரைவிட்டே அகன்றார். ஹைலேண்ட் கல்லூரி கடிதத்தின் வழியே அவருக்கு இடமளித்தது. நேரில் சென்று நின்றபோது அவருடைய நிறத்தைக் கண்டு மறுத்துவிட்டது. 1890இல் அயோவா மாநிலத்துச் சிம்சன் கல்லூரியில் ஓவியம் பயிலச் சேர்ந்தார். துணி வெளுத்துக் கொடுத்து வயிறு வளர்த்தார். அவருடைய ஓவிய ஆசிரியை எட்டா பட், மாணவரின் கையிலிருந்த திறமையைப் போலவே செடிகளின்பால் அவருக்கிருந்த ஈடுபாட்டையும் கண்டறிந்து, ஏம்ஸ் நகரத்து வேளாண்மைக் கல்லூரிக்குச் செல்லுமாறு அறிவுரை கூறினார். அவர் வரைந்த ஓவியமொன்று 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் பாராட்டுப் பெற்றது என்பதை எண்ணும்போது, அந்த ஆசிரியை தம் துறைக்குரிய நல்ல மாணவரை இழக்கத் துணிந்தே வழிகாட்டினார் என்பது விளங்கும்.

ஏம்ஸ் கல்லூரியின் முதற் கறுப்பின மாணவர் கார்வரே. தொடக்கத்தில் மற்ற மாணவரோடு அமர்ந்து உண்ணவும் அவருக்கு இடமில்லை. ஆயினும் 1894இல் இளநிலைப் பட்டமும் 1896இல் முதுநிலைப் பட்டமும் பெற்று, அங்கேயே கற்பிக்கவும் செய்தார். லூயிஸ் பாமல் என்னும் பேராசிரியரிடம் பூஞ்சை இயலில் பயின்றார். பிற்காலத்தில் அவர் திரட்டிய பூஞ்சைகளுள் சிலவற்றின் அறிவியற் பெயரில் அவருடைய பெயரே இடம்பெற்றுள்ளது. அந்தத் துறையிலேயே நிலைத்திருந்தால் அறிஞர் உலகில் தனியிடம் பெற்றிருக்கக் கூடும். ஆனால் 1896இல் அலபாமா மாநிலத்து டஸ்கீகியிலிருந்து புக்கர் டி. வாஷிங்டனின் அழைப்பு வந்தது. கறுப்பின மக்களுக்கென அவர் நிறுவிய கல்விக்கூடத்தில் வேளாண்மைத் துறையை நடத்த ஆள் வேண்டும். கார்வர் அயோவாவை விட்டுப் புறப்பட்டார்.

அங்கே அவர் கண்ட மண் வெந்து நைந்த மண். ஆண்டு தவறாமல் பருத்தியே பயிரிட்டமையால் உரமிழந்து, மழைக்கு அரித்துச் செல்லப்பட்டு, ஓடைகளும் பள்ளங்களுமாகக் கிடந்தது. அதைவிடக் கொடியது உழவரின் நிலை. மேக்கன் மாவட்டத்துக் கறுப்பின உழவருள் மிகப் பலர் பிறர் நிலத்தை வாரத்துக்குப் பெற்றுப் பயிரிட்டவர்கள். விதைக்கும் உணவுக்கும் கடைக்காரரிடம் கடன். அந்தக் கடனுக்கு ஈடு வரப்போகும் பருத்தி. பருத்தியைத் தவிர வேறெதை விதைத்தாலும் கடன் கிடைக்காது. அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் பழைய கடன் அப்படியே நிற்கும். இத்தகையோரிடம் செயற்கை உரம் வாங்குக என்றும் புதிய கருவி வாங்குக என்றும் சொல்லிப் பயன் என்ன?

ஆகவே காசில்லாதவனும் செய்யக்கூடியதை மட்டுமே சொல்வது என்று கார்வர் முடிவு செய்தார். அவருடைய முதல் வெளியீடு 1898இல் வந்தது. காட்டில் வீணே உதிர்ந்து கிடக்கும் ஓக் மரக் கொட்டைகளைப் பன்றிகளுக்கு உணவாக்குவது பற்றியது அது. 1903இல் தட்டைப்பயறு பற்றியும், 1905இல் நலிந்த மண்ணை வளப்படுத்துவது பற்றியும் எழுதினார். பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை ஈர்த்து மண்ணுக்குத் தருகின்றன என்பது அக்காலத்தே அறிஞர் அறிந்த செய்திதான். அதனை உழவனுக்குப் புரியும் சொற்களில் அவர் எடுத்துரைத்தார். பருத்திக்கும் பயற்றுக்கும் நிலத்தை மாற்றி மாற்றித் தருமாறு வேண்டினார். காட்டுச் சருகையும் சதுப்பு நிலச் சேற்றையும் எருவாக்கும் முறையையும் விளக்கினார். பருத்தியை அறவே கைவிடுமாறு அவர் சொன்னதில்லை. பருத்தி விளைவிப்பது பற்றியும் வெளியீடுகள் எழுதியிருக்கிறார். புதிய பருத்தி வகையொன்றையும் உருவாக்கினார்.

அவருடைய எழுத்தின் அமைப்பு கருதத்தக்கது. ஒரே வெளியீட்டில் உழவனுக்குப் பயிரிடும் முறை, ஆசிரியருக்குச் செடியின் அறிவியல், இல்லத்தரசிக்குச் சமையல் குறிப்பு ஆகிய மூன்றும் இருக்கும். பயிரிடச் சொன்ன பொருளை உண்ணும் வழி தெரியாவிட்டால் எவரும் பயிரிட மாட்டார் என்பதை அவர் அறிந்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்க்காக 1906இல் ஜெசப் வண்டி என்னும் நடமாடும் வேளாண் பள்ளி புறப்பட்டது. கருவிகளையும் விதைகளையும் ஏற்றிய அந்த வண்டி உழவரின் வாசலுக்கே சென்றது. கார்வரின் மாணவர் தாமஸ் கேம்பல் அதனை நடத்தினார்.

1916இல் வெளிவந்த 31ஆம் வெளியீடே அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. நிலக்கடலை பயிரிடும் முறையையும், அதனை உணவாக்க 105 வழிகளையும் கூறுவது அது. அந்தக் குறிப்புகளுள் பல பிற ஏடுகளிலிருந்தும் சமையல் நூல்களிலிருந்தும் தொகுத்தவை என்பதைக் கார்வர் அதன் முகப்பிலேயே ஒளிவின்றிக் கூறி நன்றியும் தெரிவித்திருக்கிறார். அதைப் படியாதவர்களே பிற்காலத்தில் அவை அனைத்தையும் அவருடைய கண்டுபிடிப்புகளாக்கினர். பருத்திக் காயைத் துளைக்கும் கூன்வண்டு 1910ஐ ஒட்டி அலபாமாவுக்குள் புகுந்ததும், முதல் உலகப் போரில் எண்ணெய்க்குத் தேவை பெருகியதும் நிலக்கடலை பரவியதற்குப் பெருங்காரணங்கள். இவற்றையும் கார்வரின் கணக்கில் எழுதுவது அவருக்குச் செய்யும் சிறப்பாகாது.

1921 ஜனவரியில் நிலக்கடலைக்கு இறக்குமதி வரி கேட்டு நாடாளுமன்றக் குழுவின் முன் பேசினார். பத்து நிமிடமே தரப்பட்டது. உறுப்பினர் ஒருவர் தர்ப்பூசணியைச் சுட்டிக் கறுப்பினத்தவரை எள்ளும் வழக்கமான கேலியொன்றை வீசினார். கார்வர் அதனைப் பொருட்படுத்தாமல் தம் மாதிரிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட, வேண்டிய நேரத்தை எடுத்துக்கொள்ளுமாறு தலைவரே கூறும் நிலை வந்தது. அன்று முதல் அவர் நாடறிந்த மனிதரானார்.

புகழ் அவருக்குத் தீங்கும் செய்தது. 1924இல் நியூயார்க் நகரத்துத் தேவாலயம் ஒன்றில் பேசுகையில், தாம் ஆய்வுக்கூடத்துக்குள் நூல்களைக் கொண்டு செல்வதில்லை என்றும் இறையருளே வழிகாட்டுகிறது என்றும் கூறினார். அறிவியலார் இவ்வாறு பேசுவதில்லை என்று நியூயார்க் டைம்ஸ் நாளேடு தலையங்கம் தீட்டிக் கண்டித்தது. மனம் புண்பட்ட கார்வர், தாம் பெற்ற பட்டங்களையும் கற்ற அறிஞர்களின் பெயர்களையும் குறித்து மறுமொழி எழுதினார். இருபதாண்டுகளுக்கு மேலாக வெளியீடுகள் எழுதிவந்த ஒருவர், தாம் படித்தவர் என்பதற்குச் சான்று காட்ட வேண்டியிருந்தது. நிறவெறியை அவர் வெளிப்படையாக எதிர்த்ததில்லை என்ற குறையும் உண்டு. தென்மாநிலத்து வெள்ளையர் அவரைப் புகழ்ந்ததற்கு அந்த அமைதியும் ஒரு காரணம். வாரக் குடிமுறையின் கொடுமையை அவர் அறியாதவர் அல்லர். நிலம் தன்னுடையதாக இல்லாதவன் அதனை வளப்படுத்தினால் பயன் யாருக்கு என்னும் வினாவுக்கு அவருடைய வெளியீடுகளில் விடை இல்லை. 1981இல் லிண்டா மக்மரி எழுதிய வரலாறு இந்தப் புகழையும் உண்மையையும் பிரித்துக் காட்டிய பிறகே, அவருடைய எழுத்துகளுக்கு உரிய கவனம் கிடைக்கத் தொடங்கியது.

திருமணம் செய்துகொள்ளாத கார்வர், தாம் சேமித்த பொருள் முழுவதையும் டஸ்கீகியில் வேளாண் ஆய்வுக்கென அறக்கட்டளையாக்கினார். 1942இல், போரினால் உணவுத் தட்டுப்பாடு நேரக்கூடிய வேளையில், மற்றுமொரு சிறு நூல் எழுதினார். வேலியோரத்திலும் வயல் வரப்பிலும் களையென்று பிடுங்கி எறியப்படும் செடிகளில் எவையெவை உண்ணத்தக்கவை, எவ்வாறு சமைப்பது என்பதே அதன் பொருள். அவற்றைப் பெற ஒரு காசும் செலவில்லை. மறு ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் அவர் மறைந்தார். டஸ்கீகியில் புக்கர் டி. வாஷிங்டனின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.