பொறுப்பு

'பொறு' என்ற வினையடியோடு '-ப்பு' விகுதி சேர்ந்தது 'பொறுப்பு'. படிப்பு, நடிப்பு போல. பொறுத்தலுக்குச் சுமத்தல், சகித்தல், மன்னித்தல் எல்லாமே பொருள். பழந்தமிழில் 'பொறை' சுமையையும் குறித்தது, பொறுமையையும் குறித்தது.

முதுநிலைச் சட்டப் படிப்பில் சட்டத் தத்துவம் பயில்பவர் இச்சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு ஆலையை எடுத்துக்கொள்வோம். மருந்துக் கலவை அறைக்குப் போர்மேன் பொறுப்பு. இது கடமை. வெடித்தால் இழப்பீட்டுக்கு உரிமையாளர் பொறுப்பு. இது ஈடுகட்டும் கட்டாயம். எச்.எல்.ஏ. ஹார்ட் 1968இல் வெளிவந்த நூலில் இத்தகைய பொருள்களைத் தனித்தனியே வகுத்தார்.

இரண்டாவது பொருளுக்குத் தவறு நிரூபிக்கப்பட வேண்டுமா? டெல்லியில் 1985இல் நடந்த ஓலியம் வாயுக் கசிவு பற்றிய வழக்கில், பி.என். பகவதி தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு வேண்டாம் என்றது. ஆபத்தான தொழிலால் லாபம் பெறுபவரே அதன் தீங்கையும் ஏற்க வேண்டும். இதுவே 'முழுப் பொறுப்பு'. 1868இன் ஆங்கிலேய ரைலண்ட்ஸ் வழக்கு அனுமதித்த விதிவிலக்குகளும் இதில் இல்லை. சுமத்தல் என்ற மூலப்பொருளுக்கு இத்தீர்ப்பே மிக நெருங்கி வருகிறது என்பேன். பட்டாசு ஆலையில் வெடிமருந்தோடு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர் தொழிலாளி. இழப்பையும் அவர் தலையில் ஏற்றுவது அநீதி.

இழப்பை முதலாளி மேல் ஏற்றிய இன்னொரு தீர்ப்பும் உண்டு. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றி வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் அதே நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்த உத்தரவிட்டது.