கிரில் அடுப்பும் கொலைக்களமும்

உணவின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அடுப்பிலிருந்தே தொடங்குகின்றனர். அடுப்பில் ஏறும் பண்டம் அங்கு வந்து சேர்ந்த வழியை ஆராயாதவரை அவ்வரலாறு நிறைவுறாது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், வீட்டு முற்றத்தில் எரிவாயுக் கிரில் அடுப்பைப் பற்றவைத்து, ‘ஸ்டேக்’ எனப்படும் தடித்த மாட்டிறைச்சித் துண்டை வாட்டியுண்பது நடுத்தர வர்க்கத்தாரின் கோடைக்கால வழக்கம். இவ்வெளிய வழக்கத்தின் பின்னே நூறாண்டுக்கு மேற்பட்ட உழைப்பின் வரலாறு மறைந்து கிடக்கின்றது. அதனைச் சிக்காகோ நகரில் வைத்து நோக்குவோம்.

புகையிரதக் கம்பனிகளின் முதலீட்டில், 1865 டிசம்பர் 25ஆம் திகதி அந்நகரில் ‘யூனியன் ஸ்டொக் யார்ட்ஸ்’ என்னும் மாபெரும் கால்நடைச் சந்தை திறக்கப்பட்டது. மேற்குப் புல்வெளிகளில் வளர்ந்த மாடுகள் அங்கு கொண்டுவரப்பட்டு, உயிருடனேயே கிழக்கு நகரங்களுக்கு அனுப்பப்பட்டன. 1870களின் இறுதியில் குஸ்தாவஸ் சுவிப்ட் என்னும் முதலாளி, பனிக்கட்டியாற் குளிரூட்டிய வண்டிகளில் வெட்டிய இறைச்சியையே அனுப்பும் முறையை வெற்றியாக்கினார். கொலைத்தொழில் சிக்காகோவிற் குவிந்தது, இறைச்சி மலிந்தது.

அம்மலிவுக்கு விலை கொடுத்தவர் யார்? மேலே ஓடும் தண்டவாளத்தில் விலங்கின் உடல் தொங்கி நகரும். வரிசையில் நிற்கும் ஒவ்வொரு தொழிலாளியும் ஒரே வெட்டை நாள் முழுவதும் வெட்டுவான். தேர்ந்த கசாப்புக்காரனின் கலை துண்டு துண்டாக்கப்பட்டு, எவரையும் எளிதில் நீக்கி வேறொருவரை நிறுத்தும் நிலை உருவாயிற்று. தமது மோட்டார் வண்டித் தொழிற்சாலையின் நகரும் வரிசைக்கு இம்முறையே தூண்டுகோலாயிற்று என ஹென்றி போர்ட் பின்னர் எழுதினார்.

1904இல் இத்தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் தோல்வியுற்றது. அதன்பின் அப்டன் சின்கிளேர் அங்கு சென்று கண்டவற்றைக் கொண்டு ‘த ஜங்கிள்’ என்னும் நாவலை எழுதினார். 1906இல் அது நூலாக வந்ததும் நாடு கொதித்தெழுந்தது; அவ்வாண்டிலேயே இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் பிறந்தது. ஆனால் நாவலாசிரியர் காட்ட விழைந்தது தொழிலாளியின் துயரத்தை. சட்டம் காத்ததோ உண்பவனின் வயிற்றை! எட்டு மணி நேர வேலைநாள் கேட்டு 1886இல் இரத்தம் சிந்திய அதே நகரில், இறைச்சித் தொழிலாளர் அவ்வுரிமையைப் பெற 1918வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1930களின் இறுதியிலேதான் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே சங்கத்திற் பெருமளவில் திரண்டு நிலையான வலிமை பெற்றனர்.

இனி அடுப்பின் கதைக்கு வருவோம். 1931இல் டெக்சாசிலிருந்து ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் நீளக் குழாய்வழியே இயற்கை எரிவாயு சிக்காகோவை அடைந்தது. 1952இல் அந்நகரத்து உலோகத் தொழிற்சாலையொன்றிற் பணியாற்றிய ஜோர்ஜ் ஸ்டீபன், கடல் மிதவைக்கான உலோகக் கோளத்தைக் கொண்டு மூடியுள்ள கரியடுப்பைச் செய்தார். 1960களில் எரிவாயு அடுப்பும் முற்றத்துக்கு வந்தது. எரிவாயுச் சுடர் இறைச்சிக்குத் தனிச்சுவை எதையும் தருவதில்லை. துண்டிலிருந்து சொட்டும் கொழுப்பு, சூடேறிய எரிமலைக்கற்களிலோ உருக்குத் தகடுகளிலோ பட்டுப் புகையாகி மேலெழுந்து படிகின்றது. அப்புகையே கிரில்லின் மணம். ஈரம் துடைத்த துண்டைக் கொதிக்கும் கம்பிகளில் இட, அதன் மேற்பரப்புச் சிவந்து சுவை பெறும். கரியும் சாம்பலும் இல்லை. திருகைத் திருப்பினாற் போதும்.

அடுப்பு இவ்வாறு எளிதான அதே காலத்திற் கொலைக்களம் கண்ணுக்கு அப்பாற் சென்றது. 1960இல் தோன்றிய ‘அயோவா பீப் பக்கர்ஸ்’ என்னும் கம்பனி, சங்கங்கள் வலுவாயிருந்த நகரங்களை விட்டு, கூலி குறைந்த நாட்டுப்புறங்களில் ஆலைகளை அமைத்தது. 1967 முதல் துண்டாக்கிய இறைச்சியைப் பெட்டியில் அடைத்தே அனுப்பியது. நகரத்துக் கசாப்புக்காரனின் வேலையும் பறிபோயிற்று. சிக்காகோச் சந்தை 1971இல் மூடப்பட்டது. 1980களில் இறைச்சித் தொழிலாளரின் ஊதியம் ஏனைய உற்பத்தித் தொழிலாளரின் சராசரிக்குக் கீழே வீழ்ந்தது.

2020இற் கொள்ளைநோய் பரவியபோது, இறைச்சி ஆலைகள் தொடர்ந்து இயங்கவேண்டுமென ஏப்ரல் 28ஆம் திகதி அந்நாட்டு ஜனாதிபதி ஆணையிட்டார். ஐந்து பெருங்கம்பனிகளில் மாத்திரம், நோய் பரவிய முதலாண்டில், குறைந்தது 59,000 தொழிலாளர் நோயுற்றனர், 269 பேர் மாண்டனர் என அந்நாட்டுக் காங்கிரசின் குழுவொன்று 2021இற் கண்டறிந்தது. 1906இற் போலவே, உண்பவனின் தட்டு வெறுமையாகிவிடலாகாது என்ற கவலையே முந்தி நின்றது.

அடுப்பைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. உழைத்துக் களைத்தவர் நல்ல உணவைக் குறைந்த சிரமத்தோடு சமைத்துண்பது வரவேற்கத்தக்கதே. ஆயினும் வசதி பெருகுந்தோறும் உழைப்பவன் நம் பார்வையிலிருந்து விலக்கப்படுகின்றான் என்பதைச் சிக்காகோ வரலாறு உணர்த்துகின்றது. மாணவருக்கு வரலாறு கற்பிக்கும் நாம், எந்தப் பண்டத்தையும் காட்டி, ‘இதை ஆக்கிய கைகள் எவை? அவை பெற்ற கூலி என்ன?’ என்று கேட்கப் பழக்குவோமாக. அக்கேள்வி எழாத இடத்தில் சட்டங்கள் பண்டத்தைக் காக்கும், மனிதனைக் காவா.