ஆடாமல் உடைந்த ஷாஃப்ட்

1900ஆம் ஆண்டு ஜூலையில் ஹாம்பர்க்-அமெரிக்கா கம்பெனியின் டாய்ச்லாந்து கப்பல் தன் முதல் பயணத்திலேயே அட்லாண்டிக் வேகப் போட்டியில் மற்ற கப்பல்களைப் பின்தள்ளியது. மணிக்கு 22 கடல் மைலைத் தாண்டிய அந்த வேகத்தில் கப்பல் ஓயாமல் உதறியது. பயணிகள் அதற்கு 'காக்டெய்ல் ஷேக்கர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். 1902 ஏப்ரலில் நடுக்கடலில் சுக்கானோடு பின்முனையின் ஒரு பகுதியும் பிய்த்துக்கொண்டு போனது. அதே ஆண்டில் அதே ஹாம்பர்க்கில், புளோம் உண்ட் ஃபோஸ் கப்பல் தளத்தின் பொறியாளர் ஹெர்மன் ஃப்ராம் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். எந்தப் பயணியின் கோப்பையையும் சிந்த வைக்காத, எந்த எஞ்சினியர் கைக்கும் தட்டுப்படாத ஓர் அதிர்வைப் பற்றியது அது. கப்பல் எஞ்சின்களின் மறைந்த அதிர்வைத் தேடிய வரலாற்றை நுட்பமான கருவிகளின் வரலாறாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது பாதிதான் சரியென்று படுகிறது. நடுக்கம் தெரிகிற இடத்திலேயே காரணமும் இருக்கும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, எதையாவது ஒன்றை வேண்டுமென்றே மாற்றிப் பார்த்தபோதுதான் ஒவ்வொரு முறையும் முடிச்சு அவிழ்ந்தது. கருவிகள் பெரும்பாலும் அதற்குப் பின்னால் சாட்சிக்கு வந்தவை.

1880களில் கப்பல்கள் நீண்டு மெலிந்தன, எஞ்சின்கள் வேகமெடுத்தன. அதிர்வு ஒரு தொல்லையாகத் தலைதூக்கியது அப்போதுதான், குறிப்பாக டார்பிடோ படகுகளில். பழி முதலில் புரொப்பெல்லர் மேல் விழுந்தது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நடுக்கம் மிக மோசமாக இருந்தது பின்பக்கத்தில், புரொப்பெல்லர் இருப்பதும் அங்கேதான். ஆனால் தண்ணீரில் மிதக்கும் கப்பலுடல் இரு முனையும் கட்டப்படாத ஒரு நீண்ட உத்தரம். அதை எந்த இடத்தில் உலுக்கினாலும் வளைந்து ஆடுவது முக்கியமாக அதன் இரு முனைகளே. நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு உள்ளே தள்ளி, இரு பக்கமும் ஒவ்வோர் இடம் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். ஆகவே பின்முனை உதறுகிறது என்பது உடல் வளைகிறது என்று மட்டும் சொல்கிறது. வளைப்பது யார் என்று சொல்வதில்லை. ஜெர்மானியக் கப்பல் பொறியாளர் ஓட்டோ ஷ்லிக் 1884இலேயே இந்த வழியில் யோசிக்கத் தொடங்கியிருந்தார். ஒவ்வொரு கப்பலுடலுக்கும் தனக்கென்று ஓர் ஆட்ட வேகம் உண்டு, எஞ்சினின் சுற்று அதோடு ஒத்துப்போகும்போது நடுக்கம் உச்சத்தைத் தொடுகிறது என்பது அவர் வாதம். அதைப் பதிவுசெய்ய பாலோகிராஃப் என்ற கருவியையும் அவர் உருவாக்கினார். ஸ்பிரிங்கில் தொங்கும் கனமான எடை அசையாமல் நிற்க, சுற்றிலும் கப்பல் ஆடும் ஆட்டத்தை ஓடும் காகிதத்தில் பேனா வரைந்துவிடும்.

வழக்கைத் தீர்த்தது பாலோகிராஃப் அல்ல. லண்டனில் டார்பிடோ படகுகள் கட்டிய ஆல்ஃபிரட் யாரோ, படகின் புரொப்பெல்லரையே கழற்றிவிட்டு எஞ்சினை மட்டும் ஓட்டினார். படகு முன்போலவே நடுங்கியது. குற்றவாளி மேலும் கீழும் பாயும் பிஸ்டன்களும் அவற்றோடு இணைந்த தண்டுகளும்தான் என்று 1892இல் கப்பல் கட்டுநர் சங்கத்தில் அவர் படித்த கட்டுரை நிலைநாட்டியது. அங்கிருந்து யாரோ-ஷ்லிக்-ட்வீடி முறை என்று பெயர்பெற்ற சமநிலை ஏற்பாடு வளர்ந்தது: நான்கு கிராங்குகளின் கோணங்களையும் பிஸ்டன் எடைகளையும் சமமில்லாமல் திட்டமிட்டு வைத்து, ஒன்றின் உதைப்பை மற்றொன்று அடக்கும்படி செய்வது. கழற்றி ஓட்டிப் பார்ப்பது இன்று எந்த மெக்கானிக்குக்கும் தோன்றக்கூடிய யோசனைதான். ஆனால் அதற்கு முன் பல ஆண்டுகள் அறிவாளிகள் புரொப்பெல்லரைக் குறைசொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதைப் பார்த்தால், அந்த எளிமை எவ்வளவு தாமதமாக வந்தது என்று புரியும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். நல்ல எஞ்சின் டிரைவருக்குக் கருவியும் வேண்டாம், பரிசோதனையும் வேண்டாம். பேரிங் மேல் உள்ளங்கையை வைத்தாலே, ஸ்க்ரூடிரைவரின் நுனியைக் கேசிங்கில் அழுத்திப் பிடியைக் காதில் வைத்தாலே நோய் தெரிந்துவிடும் என்பார்கள். தளர்ந்த போல்ட், தேய்ந்த பேரிங், தட்டும் பிஸ்டன் ஆகியவற்றைப் பொறுத்தவரை இது உண்மை. நேற்றைய நிலையோடு இன்றைய நிலையை ஒப்பிடுவதில் பழகிய கையை மிஞ்சுவது கடினம். ஆனால் ஃப்ராம் எடுத்துக்கொண்ட அதிர்வு கைக்கு எட்டாதது. எஞ்சினுக்கும் புரொப்பெல்லருக்கும் இடையே நீளும் ஷாஃப்ட் இரும்புதான் என்றாலும் முறுக்கினால் முறுகும், விட்டால் மீளும். எஞ்சின் அதைச் சீராகத் திருப்புவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் பல தடவை தள்ளித் தள்ளித் திருப்புகிறது. அந்தத் தள்ளல்கள் ஷாஃப்டின் சொந்த முறுக்காட்டத்தோடு ஒத்த தாளத்தில் விழுந்தால், ஒரு முனை முந்தியும் மறு முனை பிந்தியும் ஷாஃப்ட் தனக்குள்ளேயே முறுகி மீண்டுகொண்டிருக்கும். இந்த ஆட்டம் பக்கவாட்டில் இல்லை. ஆகவே தரை நடுங்காது, பேரிங் சுடாது, சத்தமும் வராது. சுழலும் ஷாஃப்ட் ஒரு சுற்றுக்குள் ஒரு டிகிரியோ அதற்கும் குறைவாகவோ முந்திப் பிந்துவதை எந்தக் கண்ணும் பிடிக்க முடியாது. சீராகக் கடத்தப்படும் சக்தியை வைத்துக் கணக்கிட்ட தகைவைக் காட்டிலும், இத்தகைய ஒத்திசைவு வேகத்தில் உண்மையான தகைவு பல மடங்கு ஏறுகிறது என்பதை ஓடும் கப்பலில் அளந்து காட்டியதுதான் ஃப்ராமின் சாதனை.

அதுவரை உடைந்த ஷாஃப்டுகளுக்கு வேறு விளக்கங்கள் இருந்தன: இரும்பு மட்டம், உலைவேலை சரியில்லை, பேரிங் வரிசை விலகியிருந்தது. உடைந்த முகத்தைப் பார்த்தால் வேறு கதை தெரியும். சாக்பீஸை இரு முனையிலும் பிடித்து முறுக்கினால் எப்படிச் சரிவாகச் சுற்றிக்கொண்டு உடையுமோ, அப்படியே முறுக்கில் களைத்த ஷாஃப்டின் வெடிப்பும் அச்சுக்கு 45 டிகிரி சாய்வில் சுற்றிச் செல்லும். சாவிக்காடியின் மூலையிலோ எண்ணெய்த் துளையின் விளிம்பிலோ பிறந்த வெடிப்பு, அலை ஒதுங்கிய கரைக்கோடுகளை வரிசையாக விட்டுக்கொண்டே பல நாள் வளர்ந்திருக்கும். கடைசியில் மிஞ்சிய கொஞ்சம் இரும்பு மட்டும் ஒரே நொடியில் முறிந்திருக்கும். அந்த வெடிப்பு விழும் இடமும் கவனிக்கத்தக்கது. முறுக்காட்டத்தில் ஷாஃப்டின் ஒரு புள்ளி ஆடாமல் நிற்கும். இருபுறமும் எதிரெதிராக முறுகுவதால் முறுக்கம் உச்சமாவது சரியாக அந்தப் புள்ளியில்தான். அளவுமானியை அங்கே வைத்தவர் எஞ்சின் நலமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருப்பார்.

'ஷாஃப்டைத் தடிமனாக்கிவிட்டால் தீர்ந்தது' என்பது அடுத்த மறுப்பு. உடைந்ததை இன்னும் கனமாகச் செய்வது பட்டறைகளின் இயல்பான பதிலும்கூட. சில கப்பல்களில் அது பலித்தது. ஆனால் தடிமன் கூடினால் ஷாஃப்டின் விறைப்பும் கூடி, ஒத்திசைவு வேகம் மேலே நகர்கிறது. முன்பு எஞ்சின் கடந்துபோகும் வழியில் மட்டும் இருந்த ஆபத்தான சுற்று, இப்போது நாள் முழுக்க ஓடும் வேகத்திலேயே வந்து உட்காரலாம். வலுவாக்கியதால் உடைந்த ஷாஃப்ட் என்பது கேட்க வேடிக்கையாக இருந்தாலும், இயற்பியலில் அதில் வியப்பதற்கு எதுவுமில்லை.

டீசல் வந்தபின் இது விளையாட்டல்ல என்பது எல்லோருக்கும் விளங்கியது. நீராவி பிஸ்டனின் தள்ளலைவிட டீசல் சிலிண்டரின் வெடிப்பு பன்மடங்கு கடுமை. முதல் உலகப் போரில் நீர்மூழ்கிகளுக்காக இலேசான, வேகமான டீசல்கள் அவசரமாகச் செய்யப்பட்டன. போர்க்கப்பல் அணியோடு மேற்பரப்பில் 20 கடல் மைல் வேகத்தில் ஓடவேண்டும் என்று திட்டமிட்ட அமெரிக்காவின் ஏஏ-1 வகையில் ஒவ்வொரு ஷாஃப்டிலும் இரண்டு டீசல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டன. தனியே ஒழுங்காக ஓடக்கூடிய இரண்டு எஞ்சின்கள் சேர்ந்தபோது நீண்ட புதிய முறுக்குச் சுருள் ஒன்று உருவானது. அந்த அதிர்வை அடக்க முடியாமல் மூன்று படகுகளும் 1920களின் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைக்கப்பட்டன. ஜெர்மனியில் மான் கம்பெனியைச் சேர்ந்த யோசெஃப் கைகர் அந்தப் போர்க்காலத்திலேயே டார்சியோகிராஃப் என்ற கருவியைச் செய்திருந்தார். ஷாஃப்டிலிருந்து பெல்ட் போட்டுச் சுற்றும் இலேசான கப்பி. அதற்குள் மென்மையான ஸ்பிரிங்கால் இணைந்த கனமான சக்கரம். ஷாஃப்ட் முந்தினாலும் பிந்தினாலும் கப்பி கூடவே போகும், சக்கரம் மட்டும் தன் கனத்தால் சீராகச் சுற்றும். இரண்டுக்கும் இடையிலான மயிரிழை வேறுபாட்டை நெம்புகோல் பெரிதாக்கிக் காகித நாடாவில் வரையும். 1921இல் ஹைன்ரிக் ஹோல்ட்ஸர் வெளியிட்ட நூல் கருவியே இல்லாமல் காகிதத்தில் தேட வழி சொன்னது. ஓர் ஆட்ட வேகத்தை ஊகித்துக்கொண்டு, கிராங்க் ஷாஃப்டின் முன்முனையிலிருந்து புரொப்பெல்லர்வரை ஒவ்வொரு சக்கரமாக முறுக்கத்தைக் கூட்டிக்கொண்டே போகவேண்டும். கடைசியில் முறுக்குவிசை மிச்சமில்லாமல் சுழியமானால் ஊகம் சரி, இல்லையென்றால் வேறு எண்ணோடு மறுபடியும் முதலிலிருந்து. கணிப்பொறி வரும்வரை பொறியாளர்கள் இந்த அட்டவணையைக் கையால்தான் நிரப்பினார்கள். எஞ்சின் ரூம் டாக்கோமீட்டரில் சிவப்பில் குறித்திருக்கும் தடைசெய்த வேக வரம்பு இந்த வேலையின் எச்சம்தான். முள் அங்கே தங்கக்கூடாது, விரைந்து கடந்துவிட வேண்டும்.

பிஸ்டன்தான் தொல்லையென்றால் டர்பைன் வந்தபோதே பிரச்சினை முடிந்திருக்க வேண்டுமே என்று கேட்கலாம். அப்படித்தான் நம்பினார்கள். நான்கு ஷாஃப்டுகளையும் டர்பைன் நேரடியாகச் சுழற்றிய லூசிடானியா 1907 ஜூலைச் சோதனை ஓட்டத்தில் வேகமெடுத்ததும் பின்பகுதி தாங்கமுடியாமல் நடுங்கியது. இரண்டாம் வகுப்பு அறைகளின் உள்ளலங்காரத்தைப் பிரித்துப்போட்டு, உடலுக்கு முட்டுக் கொடுத்து, மறுபடியும் கட்டவேண்டியிருந்தது. 1935இல் வந்த நார்மண்டி ஒரு படி மேல். டர்பைன் மின்சாரத்தை உண்டாக்க, மோட்டார் புரொப்பெல்லரைச் சுழற்றியது. பிஸ்டனும் இல்லை, கியரும் இல்லை. ஆனாலும் பின்பக்கம் அதிர்ந்தது. கப்பலுக்குப் பின்னால் நீரோட்டம் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் இருப்பதில்லை. ஒவ்வோர் இலையும் மந்தமான நீரைக் கடக்கும்போது உடலுக்கு ஓர் அடி விழுகிறது. ஷாஃப்ட் நிமிடத்துக்கு 200 சுற்று சுழன்றால் மூன்று இலைக்கு 600 அடி, நான்கு இலைக்கு 800. அடுத்த பருவத்துக்குள் நார்மண்டியின் மூன்று இலைப் புரொப்பெல்லர்களை எடுத்துவிட்டு நான்கு இலை போட்டார்கள், நடுக்கம் வெகுவாகக் குறைந்தது. 1892இல் ஆல்ஃபிரட் யாரோ நிரபராதி என்று விடுவித்த புரொப்பெல்லர் இங்கே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. இதில் முரண்பாடு இல்லை. யாரோ நிரூபித்தது அவருடைய படகைப் பற்றி. அதை எல்லாக் கப்பலுக்கும் பொதுவிதியாக எடுத்துக்கொண்டவர்கள் முடிவை எடுத்துக்கொண்டார்கள், முறையை விட்டுவிட்டார்கள்.

பிற்கால வளர்ச்சியை விரைவாகக் கடந்துவிடலாம். 1939இல் ராத்போன் என்ற அமெரிக்கக் காப்பீட்டுப் பொறியாளர் எவ்வளவு அதிர்வு பொறுக்கலாம், எவ்வளவு ஆபத்து என்று ஒரு வரைபடம் போட்டார்; பிற்காலத் தர அளவுகளுக்கு அதுவே முன்னோடி. 1965இல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட கணக்குமுறையால், சிக்கலான அதிர்வை அதன் கூறுகளாகப் பிரிக்கும் வேலை நொடிகளில் முடியும்படி ஆனது. இன்று கைக்கு அடக்கமான கருவியே சுற்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரித்துக் காட்டுகிறது. இனி ஊகத்துக்கும் சோதனைக்கும் இடமேது என்று கேட்டால் பதில் எளிது. சுற்றுக்கு ஒன்று என்ற அதிர்வு வளைந்த ஷாஃப்டாலும் வரும், அடிபட்ட புரொப்பெல்லராலும் வரும், எடை சரியில்லாத கப்ளிங்காலும் வரும். கியரை நியூட்ரலில் போட்டு அதே சுற்றில் ஓட்டிப் பார்த்தால் பாதிக் காரணங்கள் கழிந்துவிடும். புரொப்பெல்லரைக் கழற்றிய ஆல்ஃபிரட் யாரோ செய்ததும் அதுதான்.

சிறு படகுகளில் இந்த ஆபத்து இன்னும் மறைவானது. எஞ்சினை ரப்பர் மவுண்டில் உட்காரவைத்தால் உடல் அமைதியாகிறது. அதே மவுண்ட் எஞ்சினுக்கும் ஷாஃப்டுக்கும் இடையே நடப்பதையும் மூடி மறைக்கிறது. கரையில் ஏற்றி வைத்தபடி ஃபீலர் கேஜ் விட்டுக் கப்ளிங்கின் இரு முகங்களையும் சரியாக நேராக்கிய படகு, தண்ணீரில் இறங்கியதும் உடல் கொஞ்சம் வளைவதால் நேர் தப்பிவிடும். அதனால் மிதக்கவிட்டு, சில நாள் பொறுத்து மறுபடியும் அளக்கவேண்டும். நம் கரையின் விசைப்படகுகளில் லாரிக்காக உருவான டீசல்களைக் கடலுக்கேற்ப மாற்றிப் பொருத்தும் வழக்கம் பழையது. அந்த எஞ்சினின் முறுக்காட்டத்தைக் கணக்கிட்டவர்கள் லாரியின் கிளட்சையும் கியர் பாக்ஸையும் மனதில் வைத்துக் கணக்கிட்டார்கள். அதன் பின்னால் நீண்ட ஷாஃப்டையும் வெண்கலப் புரொப்பெல்லரையும் மாட்டினால் ஹோல்ட்ஸரின் அட்டவணையில் கடைசி வரிசைகள் எல்லாமே மாறிவிடும். ஆபத்தான சுற்று எது என்பதும் மாறும். எஞ்சினோடு வந்த கையேட்டில் அந்தச் சுற்று இருக்க வழியில்லை. படகில் மாட்டியபின், வேகத்தைப் படிப்படியாக ஏற்றி இறக்கி, முன்முனையில் அளந்துதான் அதைக் கண்டுபிடிக்க முடியும்.