சாறு

பெயர்ச்சொல். காய், கனி, இலை, தண்டு ஆகியவற்றைப் பிழிந்தால் வடியும் நீர். மிளகும் புளியும் கூட்டி வைக்கும் இரசத்துக்கும் இதே பெயர். சங்க இலக்கியத்தில் விழாவையும் குறித்தது.

சாறு திராவிடச் சொல். மலையாளத்தில் சாறு பிழிந்த நீர், கன்னடத்தில் இரசம். தெலுங்கிலும் இரசத்துக்குச் சாரு என்றே பெயர். வேற்றுமை ஏற்கையில் றகரம் இரட்டிக்கும்: சாற்றை, சாற்றில். இடையின ரகரம் வரும் 'சாரம்' வடசொல், அது வேறு.

காய்க்குள் சாறு எப்படி அடங்கியிருக்கிறது என்பதற்குப் பீட்ரூட் நல்ல எடுத்துக்காட்டு; புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டி மணல்நிலத்தில் அது விளைகிறது. அதன் செஞ்சாறு உயிரணுக்களுக்குள் மென்சவ்வால் அடைபட்டிருக்கிறது. அதனால்தான் நறுக்கிய துண்டைக் கழுவிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் போட்டால் நிறம் அதிகம் இறங்குவதில்லை; கொதிநீரில் சவ்வு சிதைந்து நீரே சிவந்துவிடும். அரைப்பதும் இடிப்பதும் இந்தச் சவ்வைக் கிழிக்கத்தான்.

சூடாக்காமலே சவ்வைத் திறப்பது மின்துடிப்பு முறை. இரண்டு மின்வாய்களுக்கு நடுவே காயை வைத்து, சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 1,000 வோல்ற்று அளவில், செக்கனின் மிகச் சிறு பங்கே நீடிக்கும் துடிப்புகளைச் செலுத்துவார்கள். சவ்வில் நுண்துளைகள் விழும். பிறகு பிழிந்தால் கூடுதலாகச் சாறு இறங்கும். வெப்பத்தால் நிறமும் மணமும் கெடுவதில்லை. ஜெர்மனியின் டோவன்ஸ்பெக் 1960களில் இத்துறையில் காப்புரிமை பெற்றார். இன்று உருளைக்கிழங்குச் சீவல் ஆலைகளிலும் இம்முறை உண்டு. அங்கே நோக்கம் சாறு எடுப்பதன்று, கிழங்கை இளக்கி உடையாமல் சீவுவது.