வேலையின்மைக் கோரிக்கைக் கணக்கு: செங்கம் வட்டாரம்

வேலை இழந்து உதவித்தொகைக்கு விண்ணப்பித்தவர்களை வாராவாரம் எண்ணி வெளியிடும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. 2020 மார்ச் கடைசி வாரத்தில் அங்கே புதிய விண்ணப்பங்கள் 60 லட்சத்தைத் தாண்டின. திருவண்ணாமலை மாவட்டம் செங்கத்தில் அப்படியொரு கணக்கு கிடையாது. இந்தியாவில் வேறெங்கும் கிடையாது. ஓரளவு அதற்கு ஈடாக இருந்துவந்தது நூறு நாள் வேலையின் வாராந்திர வருகைப் பட்டியல்.

நூறு நாள் வேலைக்கு அடிப்படையான, 2005-இல் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டம் 2006 பிப்ரவரி 2 அன்று 200 மாவட்டங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் தேர்வான ஆறு மாவட்டங்களில் திருவண்ணாமலையும் ஒன்று. வேலை கேட்டவருக்குத் தேதியிட்ட ரசீது தர வேண்டும். 15 நாளுக்குள் வேலை இல்லையென்றால் மாநில அரசு வேலையில்லாப் படி தர வேண்டும். முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கு, பிறகு பாதி. சட்டத்தில் இது அழகாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் ஏரி வேலையோ வாய்க்கால் வேலையோ அனுமதியான பிறகே பெரும்பாலும் பெயர் எழுதுகிறார்கள். ரசீது இல்லாதவர் படி கேட்க வழியில்லை. ஆகவே படி பெற்றவர்களின் எண்ணிக்கை வேலையின்மையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

வருகைப் பட்டியல் சற்று மேல். பணித்தளப் பொறுப்பாளர் நாளுக்கு இருமுறை கைபேசிச் செயலியில் படமெடுத்து ஏற்ற வேண்டும் என்பது 2023 ஜனவரி முதல் கட்டாயமானது. மலையூர்களில் சிக்னல் கிடைப்பதே பெரும்பாடு. கோடையில் எண்ணிக்கை ஏறும். நடவிலும் மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கும் நாட்களிலும் இறங்கும். நாடு முழுவதும் 2019-20இல் சுமார் 265 கோடியாக இருந்த மனித நாட்கள், கொரோனா ஆண்டில் 389 கோடியாயின. அந்த ஏற்றம் உண்மையான நெருக்கடியைக் காட்டியது.

இறக்கத்தை அப்படி நம்ப முடியாது. தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய கூலி நிலுவை ரூ.1,056 கோடி என 2025 ஜனவரியில் முதலமைச்சர் பிரதமருக்கு எழுதினார். கூலி வராத மாதங்களில் ஆள் குறைந்தால், ஊரில் வேறு வேலை பெருகிவிட்டது என்று பொருளாகாது. ஜவ்வாது மலையிலிருந்து பிழைப்புக்கு வெளிமாநிலம் போகிறவர்களும் பட்டியலில் வரமாட்டார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசல வனத்தில் ஆந்திரக் காவல்துறை செம்மரம் வெட்டியதாகச் சுட்டுக்கொன்ற 20 பேரில் பலர் திருவண்ணாமலை மாவட்டத்தினர். மலையின் வேலையின்மையை அன்றைய செய்தி எந்தப் பதிவேட்டையும்விடத் தெளிவாகக் காட்டியது.

நூறு நாள் வேலை கிராம ஊராட்சிகளுக்கு மட்டும் உரியது என்பதால் செங்கம் நகரவாசிகள் இதில் சேரமாட்டார்கள். படித்தவர்களுக்கு வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாகத் தமிழக அரசு தரும் உதவித்தொகை உண்டு: மாதம் பத்தாம் வகுப்பு தேறியவருக்கு ரூ.300, பட்டதாரிக்கு ரூ.600. பதிந்து ஐந்தாண்டு காத்திருந்தால்தான் கிடைக்கும் என்பதால், இது இன்றைய நிலவரத்துக்கு அளவுகோலாகாது.

ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கு மாற்றாக 2025 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம் 125 நாள் வேலைக்கு உறுதி தருகிறது; விதைப்பு, அறுவடைக் காலங்களில் 60 நாள் வேலையை நிறுத்திவைக்கவும் இடம் தருகிறது. நிறுத்திவைத்த வாரங்களின் வெற்றுப் பட்டியலை வேலை தேடுவோர் இல்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது.